எல்லைநிலத்தின் இல்லத்தோட்டம்: ஓசூர் – கிருஷ்ணகிரி வட்டாரத்தில் அயல்மலர்ச் செடிகொடிகளின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

தமிழகத்தின் வடமேற்கு எல்லையில் அமைந்துள்ள ஓசூர் – கிருஷ்ணகிரி வட்டாரம் இன்று தொழிற்பேட்டைகளுக்கும் பசுமைக்குடில் ரோஜாவுக்கும் பெயர்பெற்றது. இவ்வட்டாரத்தின் வீட்டுத் தோட்டங்களில் வளரும் அயல்நாட்டுப் பூச்செடிகளும் கொடிகளும் எவ்வழியில் வந்தன, அவற்றுள் எவை மக்கள் வழக்கில் தம்முடையவாக ஏற்கப்பட்டன, எவை அழகுப்பொருளாக மட்டும் நின்றன, எவை வேலியைக் கடந்து காட்டுக்குத் தீங்காயின என்பவற்றை இக்கட்டுரை வரலாற்று நோக்கில் ஆராய்கிறது. பெயர் வழக்கு, பயன்பாடு, இனப்பெருக்க முறை ஆகிய மூன்றும் அளவுகோல்களாகக் கொள்ளப்படுகின்றன. ஒரு செடி பிறந்த நாட்டைக் காட்டிலும் அது எவரால், எவ்வாறு பெருக்கப்படுகிறது என்பதே அதன் பிற்கால வரலாற்றைத் தீர்மானிக்கிறது என்பது கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: ஓசூர், இல்லத்தோட்டம், அயல்மலர்கள், லால்பாக், காகிதப்பூ, எட்வர்டு ரோஜா, உண்ணிச்செடி, தொழிற்பேட்டை

முன்னுரை

தமிழரின் மலர் மரபைப் பேசும் ஆய்வுகள் பெரும்பாலும் சங்க இலக்கியத்தில் தொடங்கி அங்கேயே நிறைவுறுகின்றன. கபிலரின் குறிஞ்சிப்பாட்டு தொண்ணூற்றொன்பது மலர்களைப் பட்டியலிடுவது இவ்வாய்வுகளில் தவறாது எடுத்துக்காட்டப்படுகிறது. ஆனால் இன்றைய தமிழ்நாட்டு வீடொன்றின் முற்றத்தில் நிற்கும் பூச்செடிகளை அப்பட்டியலோடு ஒப்பிட்டால் பொருந்துவன சிலவே. கருவிளை எனச் சங்கப் புலவர் அறிந்த சங்குப்பூக்கொடி அருகியே காணப்படுகிறது; அதே வாயிற்கதவின்மேல் பிரேசிலில் தோன்றிய காகிதப்பூ அடர்ந்து படர்ந்திருக்கிறது. செண்டுமல்லி, சம்பங்கி, வாடாமல்லி, அந்திமந்தாரை ஆகியவையும் அமெரிக்கக் கண்டங்களிலிருந்து கடல்கடந்து வந்தவையே.

இம்மாற்றத்தை ஆராய ஓசூர் – கிருஷ்ணகிரி வட்டாரம் மிகவும் ஏற்ற களமாகும். இது தமிழ், கன்னடம், தெலுங்கு ஆகிய மூன்று மொழிகளும் அன்றாடம் வழங்கும் நிலம்; இந்தியத் தோட்டக்கலையின் பெருமையங்களுள் ஒன்றான பெங்களூருக்கு அண்மையது; 1970களுக்குப் பின் தொழில்மயமாகிப் பல மாவட்டத்தாரையும் ஈர்த்தது; மேற்கே யானைகள் நடமாடும் காடுகளை ஒட்டியது. ஆகவே ஒரு மலர்ச்செடியின் வருகை, ஏற்பு, வணிகம், அத்துமீறல் ஆகிய நான்கு நிலைகளையும் இங்கு ஒருசேரக் காண இயலுகிறது.

1. நிலமும் ஆட்சி எல்லைகளும்

ஓசூர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில், மைசூர்ப் பீடபூமியின் தொடர்ச்சியாக அமைந்துள்ளது. கிழக்கே நிலம் படிப்படியாகத் தாழ்ந்து, கிருஷ்ணகிரி நகரத்தில் ஏறத்தாழ 500 மீட்டராகிறது. இவ்வேறுபாடு தோட்டத்தில் வெளிப்படையாகத் தெரியும். தளி, தேன்கனிக்கோட்டை, கெலமங்கலம் பகுதிகளின் குளிர்ந்த இரவுகள் ரோஜாவுக்கும் குளிர்காலப் பூக்களுக்கும் உகந்தவை. கிருஷ்ணகிரியின் வெப்பமும் வறட்சியும் காகிதப்பூ, ஈழத்தலரி போன்றவற்றுக்குப் பொருந்துபவை. 'குட்டி இங்கிலாந்து' எனத் தளி அழைக்கப்படுவது இக்குளிர்ச்சி பற்றியே.

ஆட்சி வரலாறும் இதே மேடு பள்ளத்தைப் பின்பற்றியது. மூன்றாம் மைசூர்ப் போரின் முடிவில், 1792ஆம் ஆண்டின் சீரங்கப்பட்டணம் உடன்படிக்கைப்படி, கிருஷ்ணகிரியை உள்ளடக்கிய பாராமகால் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு மாறியது. ஓசூரை உள்ளடக்கிய பாலாகாட் மேட்டுநிலம் திப்பு சுல்தான் வீழ்ந்த 1799ஆம் ஆண்டில் இணைந்தது. பின்னர் இவை சேலம் மாவட்டத்தின் பகுதிகளாயின. 1965இல் தருமபுரி மாவட்டத்திலும், 2004இல் கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் அமைந்தன. ஓசூர் 2019இல் மாநகராட்சியானது. எனினும் சென்னையோடு ஆட்சியால் பிணைக்கப்பட்ட ஓசூர், சந்தை, கல்வி, பயணம் ஆகியவற்றால் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூரையே சார்ந்திருந்தது. ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878இல் பிறந்த இராஜாஜி, ஓசூரில் பள்ளிக் கல்வியும் பெங்களூர் மத்தியக் கல்லூரியில் உயர்கல்வியும் பெற்றமை இவ்வுறவுக்குத் தக்க சான்று. மாணவர் சென்ற அச்சாலை வழியேதான் செடிகளும் வந்தன.

2. நந்தவனம், அரசத் தோட்டம், பங்களாத் தோட்டம்

தமிழ்நாட்டில் மலர்த்தோட்டம் என்னும் அமைப்பின் பழைய வடிவம் கோயில் நந்தவனமாகும். திருநந்தவனத்துக்கு நிலம் விடப்பட்டதையும், அதனைப் பேணுவோருக்கு ஊதியம் வகுக்கப்பட்டதையும் சோழர்காலக் கல்வெட்டுகள் பதிவுசெய்கின்றன. அத்தோட்டத்தின் நோக்கம் தெளிவானது: பூ இறைவனின் மாலைக்குரியது. பார்ப்பதற்கென்றே பூச்செடி வளர்ப்பது அங்கு முதன்மை பெறவில்லை.

இரண்டாவது வடிவம் அரசத் தோட்டம். ஐதர் அலி 1760ஆம் ஆண்டில் பெங்களூரில் தொடங்கி, திப்பு சுல்தான் விரிவாக்கிய லால்பாக் இவ்வட்டாரத்துக்கு மிக அண்மையிலிருந்த மாதிரி. 1788இல் பிரெஞ்சு அரசர் பதினாறாம் லூயியிடம் சென்ற திப்புவின் தூதுக்குழு, கைவினைஞர்களோடு தோட்டக்காரர்களையும் விதைகளையும் வேண்டியது என்பது கருதத்தக்கது. அயல் தாவரங்களைத் தேடிப்பெறும் ஆர்வம் ஆங்கிலேயர் வருகையோடுதான் தோன்றியது என்னும் பொதுவான கருத்தை இச்செய்தி திருத்துகிறது.

மூன்றாவது, காலனிய அறிவியல் தோட்டம். 1835இல் சென்னையில் வேளாண் – தோட்டக்கலைச் சங்கம் தோன்றியது. 1848இல் உதகமண்டலத்தில் தாவரவியல் பூங்கா தொடங்கப்பட்டது. 1856இல் லால்பாக், ஹியூ கிளெக்ஹார்னின் பரிந்துரைக்குப் பின் அரசுத் தாவரவியல் பூங்காவாக மாற்றப்பட்டது. வில்லியம் நியூ, 1874 முதல் பொறுப்பேற்ற ஜான் கேமரன், 1908 முதல் 1932 வரை கண்காணிப்பாளராக இருந்த ஜெர்மானியரான குஸ்தாவ் ஹெர்மன் க்ரும்பிகல் ஆகியோர் காலத்தில் உலகின் பல பகுதிகளிலிருந்தும் செடிகள் தருவிக்கப்பட்டன. கேமரன் அறிமுகப்படுத்திய சௌசௌ கன்னடத்தில் 'சீமெ பதனெகாயி' என்று பெயர்பெற்று இன்று உள்ளூர்க் காய்போல் விளங்குகிறது. 1889இல் அடிக்கல் நாட்டப்பட்ட கண்ணாடி மாளிகை மலர்க் கண்காட்சியின் நிலையான இடமாயிற்று. குடியரசு நாளையும் விடுதலை நாளையும் ஒட்டி இன்றும் நடைபெறும் அக்கண்காட்சிகளில் செடியைப் பார்க்கவும் பெயரறியவும் நாற்று வாங்கவும் பொதுமக்களுக்கு வாய்ப்புக் கிடைத்தது.

ஓசூரிலேயே ஐரோப்பியச் சுவையின் தடயங்கள் உண்டு. மத்திகிரியில் 1824இல் தொடங்கிய கம்பெனியின் குதிரைப் பண்ணை, பின்னாளில் கால்நடைப் பண்ணையாக மாறி நிலைத்தது. சேலம் ஆட்சியராக இருந்த பிரெட், இங்கிலாந்தின் கெனில்வொர்த் கோட்டையை நினைவூட்டும் மாளிகையொன்றை ஓசூரில் எழுப்பினார். இத்தகைய பங்களாக்களின் சுற்றுச்சுவருக்குள் வளர்க்கப்பட்ட செடி மாலைக்கும் கூந்தலுக்கும் உரியதன்று; சாளரத்திலிருந்து காண்பதற்குரியது. நந்தவனத்துக்கு மாறான இந்நோக்கே பின்னர் நடுத்தர வகுப்பாரின் வீட்டு முகப்பில் தொடர்ந்தது.

3. பெயரும் ஏற்பும்

ஓர் அயல்செடியை ஒரு சமூகம் எந்த அளவுக்கு ஏற்றுக்கொண்டது என்பதை அதன் பெயர் காட்டும். தமிழில் வழங்கும் பெயர்களை மூன்று வகையாகப் பகுக்கலாம்.

முதல்வகை, அறிந்த பூவோடு ஒப்பிட்டு, வந்த திசையை அடைமொழியாகச் சேர்ப்பது. துலுக்கச் சாமந்தி, ஈழத்தலரி, இரங்கூன் மல்லி என்பன இவ்வகையின. 'சீமை' என்னும் அடைமொழி பெற்ற செடிகளும் இவற்றோடு சேரும். இப்பெயர்கள் எப்போதும் உண்மைத் தாயகத்தைக் குறிப்பதில்லை. துலுக்கச் சாமந்தி மெக்சிகோவைச் சேர்ந்தது. ஈழத்தலரி வெப்பமண்டல அமெரிக்காவுக்கு உரியது. செடி கடைசியாக எவர் கையிலிருந்து வந்ததாக மக்கள் கருதினர் என்பதையே அடைமொழி குறிக்கிறது.

இரண்டாம்வகை, செடியின் இயல்பைக் கொண்டு முற்றிலும் உள்ளூர்ச் சொற்களால் பெயரிடுவது. மாலையில் மலர்வது அந்திமந்தாரை. பறித்தபின்னும் நிறம் மாறாதது வாடாமல்லி. ஆண்டு முழுதும் பூப்பது நித்தியகல்யாணி. வாழைபோன்ற இலையும் கல்போன்ற விதையும் உடையது கல்வாழை. மயிலின் தோகையை நினைவூட்டுவது மயில்கொன்றை. இவற்றுள் நித்தியகல்யாணி மடகாஸ்கருக்கும் ஏனையவை அமெரிக்கக் கண்டங்களுக்கும் உரியவை. பெயரை மட்டும் கேட்பவர் இவற்றை அயலெனக் கருத வழியில்லை.

மூன்றாம்வகை, மூலப்பெயரைச் சிறிதே திரித்து வழங்குவது. அலமாண்டா, பெட்டூனியா, ஜெர்பரா என்பன இதற்கு எடுத்துக்காட்டுகள். இச்செடிகள் பெரும்பாலும் நாற்றுப்பண்ணை வழியாக அண்மைக்காலத்தில் வந்தவை. வழிபாட்டிலோ கூந்தலிலோ இடம்பெறாதவை.

எல்லைநிலத்தின் பன்மொழித் தன்மை இவ்வாய்வுக்கு மேலுமொரு சான்றைத் தருகிறது. தமிழில் செண்டுமல்லி எனவும் கன்னடத்தில் 'செண்டு ஹூவு' எனவும் தெலுங்கில் 'பந்தி' எனவும் ஒரே பூ வழங்குகிறது. செண்டு, பந்தி ஆகிய இரு சொற்களும் பந்தையே குறிப்பன. மூன்று மொழியினரும் ஒரே காட்சியைக் கண்டு, தத்தம் சொல்லால் பெயரிட்டுள்ளனர். சம்பங்கி மற்றொரு வகையான சான்று. மெக்சிகோவின் இக்கிழங்குச் செடி, மரத்தில் பூக்கும் சண்பகத்தின் மணத்தை ஒத்ததால் 'நிலச்சம்பங்கி' எனப்பட்டது. இன்று பூச்சந்தையில் 'நில' என்னும் அடைமொழி நீங்கிச் சம்பங்கி என்றே வழங்குகிறது. வந்தது பழையதன் பெயரையே எடுத்துக்கொண்டது. கன்னடத்தில் அது 'சுகந்தராஜ'. ஹெசரகட்டாவிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் சிருங்கார், பிரஜ்வல் ஆகிய சம்பங்கி வகைகளை உருவாக்கியபின், மெக்சிகோவின் செடி இந்தியாவில் பிறந்த வகைகளையும் பெற்றது.

பெயருக்கு அடுத்து, சடங்கில் இடம்பெறுவது ஏற்பின் உறுதியான அடையாளம். மெக்சிகோவில் இறந்தோர் நினைவு நாளில் கல்லறைகளை அணிசெய்யும் செண்டுமல்லி, ஓசூர்த் தொழிற்சாலைகளில் ஆயுதபூசையன்று இயந்திரங்களுக்கு மாலையாகிறது. சிறப்பு நாளுக்கென்றே இராயக்கோட்டை உள்ளிட்ட சுற்றுவட்டாரங்களில் இது பயிரிடப்படுகிறது. இங்கு 'அயல்' என்ற சொல் வரலாற்றுச் செய்தியாக மட்டும் எஞ்சி, மக்கள் உணர்விலிருந்து முற்றிலும் நீங்கிவிட்டது.

4. கொடிகளின் வருகை

வாயிற்கொடிகளுள் முதன்மையானது காகிதப்பூ. பிரெஞ்சுக் கடற்பயணி லூயி அந்துவான் த பூகன்வில் உலகைச் சுற்றிய பயணத்தில் உடன்சென்ற தாவரவியலாளர் கொம்மர்சொன், 1767இல் இரியோ டி ஜனைரோவில் இக்கொடியைச் சேகரித்தார். அவருடைய உதவியாளராக ஆணுடையில் சென்ற ழான் பாரே, உலகைச் சுற்றிய முதற்பெண் என அறியப்படுகிறார். கப்பல் தலைவரின் பெயரே கொடிக்கும் நிலைத்தது. 1860ஆம் ஆண்டளவில் கல்கத்தாவை அடைந்த இக்கொடி, அங்கிருந்து இந்தியத் தோட்டங்களெங்கும் பரவியது.

பூவென்று நாம் காண்பது அதன் பூவடிச் செதில்களே. உண்மைப் பூ, செதில்களின் நடுவில் வெண்ணிறக் குழாயாகச் சிறுத்திருக்கும். தாளைப்போன்ற அச்செதில்களைக் குறிப்பதால் 'காகிதப்பூ' என்னும் பெயர் பொருத்தமானது. நீர் குறையும்போது இக்கொடி இலையைக் குறைத்து மிகுதியாகப் பூக்கும். ஆகவே கோடையில் கிணறு வற்றும் கிருஷ்ணகிரிப் பகுதியில் இது செழிப்பதில் வியப்பில்லை. தோட்ட வகைகளுட் பெரும்பாலானவை விதை தருவதில்லை. குச்சி நட்டோ பதியமிட்டோதான் பெருக்க இயலும். இவ்வுயிரியல் செய்தி பின்னர் வரும் வாதத்துக்கு இன்றியமையாதது.

மெக்சிகோவைச் சேர்ந்த கொடிரோஜா, பிரேசிலைச் சேர்ந்த செம்மஞ்சள் நிறத் தழற்கொடி, தென்னமெரிக்காவின் அலமாண்டா, வெப்பமண்டல ஆசியாவின் இரங்கூன் மல்லி ஆகியவை காகிதப்பூவைத் தொடர்ந்தன. இவற்றுள் இரங்கூன் மல்லி மட்டுமே மணத்தால் மல்லி என்னும் பெயரைப் பெற்றது.

செடிகளின் போக்குவரத்து ஒருவழிப்பட்டதன்று. மேற்குத்தொடர்ச்சி மலையில் இயல்பாக வளரும் மைசூர்த் துன்பெர்கியா, மஞ்சளும் செந்நிறமும் கலந்த தொங்கும் பூங்கொத்துகளால் ஐரோப்பியக் கண்ணாடி வீடுகளின் விருப்பக்கொடியாயிற்று. அதன் பெயரிலேயே மைசூர் நிலைத்திருந்தும், அத்தாயகத்தை ஒட்டிய ஓசூர் வீடுகளில் அது அரிது. அயலென்பது இடத்தைப் பொறுத்த சொல் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

5. தொழிற்பேட்டையும் குடியிருப்புத் தோட்டமும்

1970களில் சிப்காட் நிறுவனம் ஓசூரில் தொழில் வளாகத்தை அமைத்தது. 1980இல் டி.வி.எஸ். மொபெட் உற்பத்தியும் அசோக் லேலண்ட் தொழிற்சாலையும் தொடங்கின. டாட்டா குழுமமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமாகிய டிட்கோவும் இணைந்து 1984இல் நிறுவிய டைட்டன், ஓசூரில் கைக்கடிகாரத் தொழிற்சாலையை அமைத்தது. தமிழகத்தின் பல மாவட்டங்களிலிருந்தும் கர்நாடகம், ஆந்திரம், கேரளம் ஆகிய மாநிலங்களிலிருந்தும் தொழிலாளரும் பொறியாளரும் குடியேறினர்.

இக்குடியேற்றம் இல்லத்தோட்டத்தின் வடிவத்தை மாற்றியது. கிராம வீட்டின் புழக்கடையில் அவரைப்பந்தலும் முருங்கையும் வாழையும் முதன்மையானவை. பூச்செடி கிணற்றடியில் நிற்கும். தொழிற்பேட்டைக் குடியிருப்பில் புழக்கடை சுருங்கியது. தெருவை நோக்கிய முகப்பே தோட்டமாயிற்று. மனையின் விலை உயர்ந்தபோது இடம் மேலும் குறுகியது. கொடிக்கு ஒரு சாண் மண் போதும். அது சுவரையும் மாடியையும் தன் நிலமாக்கிக்கொள்ளும். மனை சுருங்கச் சுருங்கக் கொடியின் பயன்பாடு மிகுந்ததற்கு இதுவே பொருளியல் அடிப்படை. அடுக்குமாடிகள் பெருகிய பின்னர் மண்தொட்டியும் வளர்ப்புப்பையும் அவ்விடத்தைப் பெற்றன.

செடி பரவிய வழியும் கவனத்துக்குரியது. விதைக்கடை, நாற்றுப்பண்ணை ஆகியவற்றோடு, அண்டை வீட்டாரிடம் குச்சி கேட்டு வாங்கி நடுவது இந்திய இல்லத்தோட்டங்களின் பொதுவழக்கு. உறவினரற்ற புதிய ஊரில் குடியேறியோரிடையே இக்கொடுக்கல் வாங்கல் அறிமுகத்துக்கும் நட்புக்கும் வாயிலாகும். மொழி வேறுபட்டோரிடையே பூச்செடி பொதுப்பேச்சாக அமைவது எளிது. குச்சியால் மட்டுமே பெருகும் காகிதப்பூ, செம்பருத்தி, ரோஜா போன்றவை ஒவ்வொரு தெருவிலும் ஒரேவகையாகக் காணப்படுவதற்கு இவ்வழக்கும் ஒரு காரணம். அவை உயிரியல் நோக்கில் ஒரே தாய்ச்செடியின் படிகளாகும்.

6. இரு ரோஜாக்கள்

இவ்வட்டாரத்தின் ரோஜா வரலாறு இரண்டு இழைகளால் ஆனது. முதலாவது, உதிரிப்பூவாகக் கட்டி விற்கப்படும் எட்வர்டு ரோஜா. இந்தியப் பெருங்கடலில் உள்ள இரீயூனியன் தீவு, முன்னாளில் பூர்போன் எனப்பட்டது. அங்கு வேலியாக நடப்பட்டிருந்த சீன ரோஜாவும் டமாஸ்க் ரோஜாவும் இயற்கையாகக் கலந்து தோன்றிய கலப்பினமே 'ரோஸ் எதுவார்'. அத்தீவிலிருந்து 1819இல் பாரிசுக்கு அனுப்பப்பட்ட விதைகளிலிருந்தே ஐரோப்பாவின் பூர்போன் ரோஜா வரிசை தொடங்கியது. இந்தியாவை அடைந்த எதுவார், தமிழ்நாட்டில் எட்வர்டு ரோஜாவாகி, பன்னீர் ரோஜாவோடும் பட்டன் ரோஜாவோடும் மாலையில் இடம்பெற்றது. பெயர் மாறியவிதமே அது எத்தனை கைகளைக் கடந்தது என்பதற்குச் சான்று.

இரண்டாவது இழை, நீண்ட காம்போடு வெட்டி விற்கப்படும் பசுமைக்குடில் ரோஜா. 1990களின் பொருளாதாரத் தாராளமயத்துக்குப் பின் பெங்களூர் – ஓசூர்ப் பகுதியில் ஏற்றுமதி நோக்கிலான மலர்ப்பண்ணைகள் பெருகின. ஓசூரை அடுத்த அமுதகொண்டபள்ளியில் டிட்கோவின் கூட்டு முயற்சியாக டான்ஃபுளோரா மலர்ப்பூங்கா அமைந்தது. கைக்கடிகாரத் தொழிற்சாலையில் பங்குகொண்ட அதே அரசு நிறுவனம் ரோஜாத் தோட்டத்திலும் பங்குகொண்டமை, இங்கு மலர் வேளாண்மையாக மட்டுமின்றித் தொழிலாகவும் கருதப்பட்டதைக் காட்டுகிறது. தளியில் இந்திய – இசுரேல் கூட்டுத் திட்டத்தின்கீழ் கொய்மலர்களுக்கான சிறப்பு மையமும் நிறுவப்பட்டது. சொட்டுநீர், நெகிழிக்கூரை, குளிரறை, விமான நிலையம் ஆகியவற்றால் பிணைக்கப்பட்ட இவ்வமைப்பில் ஆண்டின் உச்சநாள் பிப்ரவரி 14. சிவப்பு நிற 'தாஜ்மகால்' வகை அந்நாளுக்கென்றே காலங்கணித்துக் கவாத்துச் செய்யப்படுகிறது.

இவ்விரண்டு ரோஜாக்களும் வாசத்தால் வேறுபடுவதைப் போலவே உரிமையாலும் வேறுபடுகின்றன. எட்வர்டு ரோஜாவின் குச்சி எவருக்கும் உரியது. பசுமைக்குடில் வகைகளுட் பல, உருவாக்கிய நிறுவனத்துக்கு உரிமைத்தொகை செலுத்தி நடப்படுபவை. 2001ஆம் ஆண்டின் பயிர்வகைப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம், உருவாக்குவோர் உரிமையையும் உழவர் தம் விளைச்சலையும் விதையையும் சேமித்துப் பகிர்ந்துகொள்ளும் உரிமையையும் ஒருங்கே ஏற்கிறது; ஆயினும் தெருவில் கைமாறும் குச்சியின் தாராளம் பண்ணையில் இல்லை. 2020ஆம் ஆண்டின் ஊரடங்கில் திருமணங்களும் கோயில் விழாக்களும் விமானங்களும் நின்றபோது, இவ்வட்டாரத்தின் பூக்கள் வாங்குவோரின்றிக் கொட்டப்பட்டன. தொலைவிலுள்ள ஒருநாள் விழாவைச் சார்ந்த மலர், எத்துணை நலிவுக்கு உட்பட்டது என்பதை அந்நிகழ்வு உணர்த்தியது. வீட்டு முற்றத்தின் ரோஜாவுக்கு அத்தகைய சார்பு இல்லை.

7. வேலியைக் கடந்தவை

ஓசூர் வனக்கோட்டத்தின் மேலகிரிப் பகுதி யானைகளின் வாழிடம். அங்கு 2014இல் காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயமும் 2022இல் காவிரி தெற்கு வனவிலங்குச் சரணாலயமும் அறிவிக்கப்பட்டன. இக்காடுகளில் இன்று அடர்ந்து பரவியிருப்பது உண்ணிச்செடி.

உண்ணிச்செடி அமெரிக்க வெப்பமண்டலத்துக்கு உரியது. ஐரோப்பியக் கண்ணாடி வீடுகளில் பல்வேறு இனங்கள் கலக்கப்பட்டு, நிறம்மாறும் பூக்களுடைய நூற்றுக்கணக்கான தோட்ட வகைகளாக அது மாற்றப்பட்டது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தாத் தாவரவியல் தோட்டத்துக்கு அழகுச்செடியாக வந்து, வேலிச்செடியாக ஊர்தோறும் பரவியது. ஆகவே இன்று காட்டை மூடியிருப்பது தோட்டக்காரர் உருவாக்கிய கலப்பினமாகும். அதன் கருநீலக் கனிகளைப் பறவைகள் உண்டு விதைகளைத் தொலைவுக்குக் கொண்டுசெல்கின்றன. வெட்டிய அடிக்கட்டை மீண்டும் துளிர்க்கும். அடர்புதர் புல்லை வளரவிடாது. யானைக்கும் மானுக்கும் மேய்ச்சல் குறைகிறது. காட்டுத்தீ எளிதில் பரவுகிறது. மேய்ச்சல் குறைவதால் விலங்குகள் வயல்களை நாடும் நிலை மிகுகிறது என்பதால், ஒரு காலத்தின் தோட்ட அழகு மற்றொரு காலத்தின் உழவர் துயரோடு தொடர்புறுகிறது.

நீரில் இதற்கு இணையானது ஆகாயத்தாமரை. தென்னமெரிக்காவின் இம்மிதவைச் செடியும் பூவின் அழகுக்காகவே இந்தியாவுக்கு வந்து, கழிவுநீர் சேரும் ஏரிகளை மூடுகிறது. உண்ணிச்செடி, ஆகாயத்தாமரை ஆகிய இரண்டும் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் நூறு கொடிய ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் இடம்பெற்றவை. நீலகிரி, சத்தியமங்கலம் காடுகளில் பரவும் மஞ்சள் கொன்றையும் அழகுமரமாக வந்ததே.

2022ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு ஆக்கிரமிப்புத் தாவரங்களை அகற்றிச் சூழலை மீட்டெடுப்பதற்கான கொள்கையை வெளியிட்டது. இக்கொள்கையின் பின்னணியில் 'அயல்செடி' என்னும் சொல் பொதுவழக்கில் குற்றச்சொல்லாக மாறிவருகிறது. வரலாற்றுச் சான்றுகள் அப்பொதுமைப்படுத்தலை ஏற்கவில்லை. காகிதப்பூ ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக இங்கு வளர்ந்தும் காட்டை மூடவில்லை. மனிதர் குச்சி நடாதவிடத்து அது தோன்றுவதில்லை. சம்பங்கி கிழங்காலும் ரோஜா ஒட்டாலும் பெருகுவதால் அவையும் தோட்ட எல்லைக்குள் நிற்கின்றன. உண்ணிச்செடிக்கோ மனிதர் கை தேவையில்லை. பறவையும் விதையும் போதும்.

மறுதலையாக, தாயகச் செடி என்பதாலேயே ஒன்று எங்கும் தீங்கற்றதாகிவிடுவதில்லை. இந்தியாவின் வடகிழக்கைச் சேர்ந்த நீலத் துன்பெர்கியாக்கொடி ஆத்திரேலியாவின் குயின்சுலாந்தில் மழைக்காட்டு மரங்களை மூடும் களையாக அறிவிக்கப்பட்டுள்ளது. இங்கு வாயிற்கொடியாக வளர்க்கப்படும் கொடிரோஜா, கரீபியன் தீவான சிண்ட் யூஸ்டேஷியசில் பரவலாகப் படர்ந்துள்ளது. அதன் விதை நீரில் மிதந்தும் கிழங்கு மண்ணில் தங்கியும் பெருகும். ஓடைக்கரையிலும் காட்டோரத்திலும் அமைந்த ஓசூர் வட்டார வீடுகளில் இக்கொடி எச்சரிக்கையோடு வளர்க்கப்பட வேண்டியதற்கு இதுவே காரணம்.

முடிவுரை

ஓசூர் – கிருஷ்ணகிரி வட்டாரத்தின் இல்லத்தோட்டம், நந்தவனத்தின் பயன்நோக்கு, லால்பாக்கின் சேகரிப்பு ஆர்வம், பங்களாவின் காட்சிச் சுவை, தொழிற்பேட்டையின் குறுகிய மனை ஆகியவை ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து உருவானது. அதில் வளரும் அயல்மலர்கள் மூவகை வாழ்வு பெற்றன. செண்டுமல்லி, சம்பங்கி, எட்வர்டு ரோஜா ஆகியவை பெயராலும் சடங்காலும் உள்ளூர்ப் பூக்களாயின. காகிதப்பூ, அலமாண்டா போன்றவை அணிகலனாக வாயிலில் நின்றன. உண்ணிச்செடியும் ஆகாயத்தாமரையும் எல்லை கடந்தன.

இம்மூவகையையும் தாயகம் என்னும் ஒரே அளவுகோலால் விளக்க இயலாது. மூன்றிலும் அமெரிக்கச் செடிகள் உள்ளன. பண்பாட்டு ஏற்பைப் பெயரும் பயன்பாடும் தீர்மானித்தன. சூழலியல் விளைவை இனப்பெருக்க முறை தீர்மானித்தது. இவ்விரண்டையும் பிரித்தறிவது இன்றைய கொள்கைக்கும் பயன்தருவது. நாற்றுப்பண்ணைகளில் விற்கப்படும் செடிகள், விதையால் தாமே பரவுபவை, மனிதர் கையால் மட்டும் பெருகுபவை எனக் குறிக்கப்பெற்றால், காட்டோர ஊர்களில் வீடு கட்டுவோர் எதை நடுவது, எதைத் தவிர்ப்பது என்பதை எளிதில் முடிவுசெய்ய இயலும். சங்குப்பூவும் மைசூர்த் துன்பெர்கியாவும் அவ்வீடுகளின் வாயிலுக்குத் திரும்பவும் அது வழிவகுக்கும். மலர்ச்செடிகளின் பெயர்கள் தமிழ், கன்னடம், தெலுங்கு ஆகிய மும்மொழி வழக்கிலும் ஊர்தோறும் தொகுக்கப்படுமாயின், எழுத்து ஆவணங்களில் பதிவாகாத செடிப் பயணங்களின் வரலாறு மேலும் துலக்கமுறும்.